மேகத்துக்கு உப்பு

“திரு! திறந்துட்டியா இல்லையா?”

காதில் மாட்டியிருந்த ஹெட்போனுக்குள் கேப்டன் சுபத்திராவின் குரல் வெடித்தது. திருச்செல்வம் பல்லைக் கடித்துக்கொண்டு வால்வுச் சக்கரத்தை இரண்டு கையாலும் திருகிக்கொண்டிருந்தான். சக்கரம் கல்லாய் நின்றது.

விமானம் மேகத்தின் வயிற்றுக்குள் நுழைந்து ஒரு குலுக்குக் குலுக்கியது. அவன் தோள் போய் உப்புத் தொட்டியில் மோதியது.

“சிக்கிக்கிச்சு கேப்டன்! உப்பு காய்ஞ்சு பூட்டுப் போட்ட மாதிரி இருக்கு!”

“இந்த மேகத்த விட்டா இன்னிக்கு வேற கிடையாது. எதையாவது பண்ணு லா!”

அது சின்ன விமானம். பயணிகள் இருக்கையெல்லாம் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் உப்புத் தண்ணீர் நிரப்பிய தொட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். தொட்டியிலிருந்து ஒரு தடித்த குழாய் கிளம்பி வால் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வால்வைத் திறந்தால் உப்புத் தண்ணீர் புகையாய்ச் சிதறி மேகத்தில் கலக்கும். அந்த வால்வைத் திறப்பதும் மூடுவதும்தான் திருச்செல்வத்தின் வேலை. மேகத்துக்குள் இத்தனை நாள் பறந்திருக்கிறான். ஒரு நாளும் அவனுக்கு இவ்வளவு அவசரம் இருந்ததில்லை.

காரணம், கீழே அவன் ஊரான மாசாயில் இருந்தது.

அவன் மனைவி பிரேமலாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு மூன்றாவது வருஷம். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். ஒரு ஆளின் ரத்தத்தை ஒரு தடவை சுத்தம் பண்ண பீப்பாய்க் கணக்கில் தண்ணீர் வேண்டும். ஆனால் லாயாங் அணை வற்றிக்கொண்டே போய், தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாய் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கு மழை இல்லையென்றால் நாளைக் காலை பம்பை நிறுத்துவதாக அறிவிப்பும் வந்தாயிற்று. லாரித் தண்ணீருக்கு ஊரே வரிசையில் நிற்கிறது.

“அண்ணே, எங்க டேங்க்ல இருக்கிறது இன்னிக்கு வர்ற ஆளுங்களுக்கே பத்தாது,” என்று டயாலிசிஸ் நிலையத்து நர்ஸ் லோஷினி காலையில் போனில் சொன்னபோது அவள் குரல் உடைந்திருந்தது. “நாளைக்கு முதல் ஆளு பிரேமலா அக்கா. என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல.”

திருச்செல்வம் ஸ்பேனரைத் தேடி எடுத்தான். ஓங்கி ஒரு அடி. இன்னொரு அடி. மூன்றாவது அடியில் ஸ்பேனர் நழுவி அவன் கையைக் கிழித்துக்கொண்டு போனது. அதே நொடியில் சக்கரம் முனகிக்கொண்டு சுழன்றது.

“திறந்தாச்சு! திறந்தாச்சு கேப்டன்!”

“மானி என்ன காட்டுது? தொட்டி இறங்குதா?”

தொட்டியின் பக்கத்தில் அளவுமானி. அதன் கண்ணாடியைப் பார்த்தவன் திகைத்தான். முள்ளையே காணோம். கண்ணாடி முழுக்க, காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் குங்குமம். விரலால் தேய்த்தான். ரத்தமும் சந்தனமும் சேர்ந்து இன்னும் குழம்பியது.

“மானி தெரியல கேப்டன். பொட்டு மறைக்குது!”

“பொட்டா?”

“நேத்து ஆயுத பூஜைக்கு வச்ச பொட்டு!”

“அலமாக்!” அப்புறம் அந்த அம்மாள் சிரித்தே விட்டாள். “சரி, சக்கரம் சுத்திடுச்சுல்ல? போதும். போய் உக்காந்து பெல்ட்டப் போடு.”

உட்கார்ந்தான். சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு ஜன்னலில் முகத்தைப் பதித்தான்.

எத்தனை வாரமாய் இந்த வானத்தைப் பார்த்து ஏமாந்திருக்கிறான்! மேகமே இல்லாத வறட்சி என்றால் மனசு ஆறியிருக்கும். மேகம் தினமும் வந்தது. வெள்ளை வெளேரென்று, பஞ்சு மூட்டை மாதிரி திரண்டு வரும். அணைக்கு மேலேயே நிற்கும். ஒரு சொட்டு விடாமல் கலைந்து போகும். எல்லாம் புகைமூட்டம் செய்த வேலை என்று கேப்டன் சொல்லியிருந்தாள்.

“புகை சேர்ந்தா மேகம் இன்னும் கருக்கத்தானே வேணும்?” என்று அவன் அப்போது கேட்டான்.

“இல்ல திரு. ஒரு மேகத்துல இருக்கிற தண்ணி இவ்வளவுதான்னு வச்சுக்க. நூறு பேருக்கு ஆக்கின சோத்த ஆயிரம் பேருக்குப் பங்கு வச்சா என்ன ஆகும்?”

“ஒருத்தனுக்கும் வயிறு நிறையாது.”

“அதேதான். புகைத் தூசி ஒவ்வொண்ணும் ஆளுக்குத் துளி தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும். எல்லாம் பொடிசு பொடிசா மிதக்குமே தவிர, கீழ விழுற கனம் எதுக்கும் வராது. பொடித் துளி நிறைய இருக்கிறதால வெயிலத் திருப்பி அடிச்சுக்கிட்டு மேகம் பளபளன்னு அழகா வேற இருக்கும். உப்பு அப்படியில்ல. பெருசு. பந்தியில உக்காந்த பெருந்தீனிக்காரன் மாதிரி பக்கத்து இலையெல்லாம் வழிச்சுத் தின்னு குண்டாகி, தொப்புன்னு கீழ விழும். விழுற வழியில இன்னும் நாலு பேர இழுத்துக்கிட்டு வரும்.”

அந்தப் பெருந்தீனிக்காரனைத்தான் இப்போது அனுப்பியிருக்கிறான். திருச்செல்வம் கண்ணை மூடிக் கும்பிட்டான்.

டப்.

கண்ணைத் திறந்தான். ஜன்னலில் ஒரு கோடு. பக்கத்தில் இன்னொன்று. அடுத்த நிமிஷம் விமானத்தின் தகரத்தில் யாரோ கோணி கோணியாய்ச் சரளைக் கல்லைக் கொட்டுகிற மாதிரி சத்தம்.

“கேப்டன்! மழை! மழை கேப்டன்!”

“எனக்கும் கண்ணு இருக்குடா!” என்று கத்தினாள் சுபத்திரா. எப்போதும் அளந்து பேசுகிற, அரசாங்க உத்தியோகக் குடும்பத்தில் பிறந்த யாழ்ப்பாண வம்சத்து அம்மாள், அவனை ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை.

செனாய் விமான நிலையத்தில் இறங்கியதும் அவனைத் தொட்டி பக்கமே போகவிடவில்லை. கையில் சுற்றிய சட்டை முழுக்கச் சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டு, நேரே வேனில் ஏற்றி கிளினிக்குக்கு அனுப்பிவிட்டார்கள். விமானத்தைக் கழுவித் துடைக்கிற வேலுவிடம், “தொட்டிய நீ பாத்துக்கடா,” என்று கத்திவிட்டுப் போனான். தையல் போட்ட டாக்டர், கையை ஒரு வாரம் ஆட்டக்கூடாது என்றார். அவன் காதில் அது விழவே இல்லை. கிளினிக் கூரையில் மழை அப்படிக் கொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையிலும் விடவில்லை.

டயாலிசிஸ் நிலையத்தில் பிரேமலா கையை நீட்டிப் படுத்திருந்தாள். பக்கத்தில் இயந்திரம் நிம்மதியாய் ஓடிக்கொண்டிருந்தது. பம்பை நிறுத்தவில்லை. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கட்டுப் போட்ட கையோடு திருச்செல்வம் உள்ளே நுழைந்ததும், அங்கே படுத்திருந்தவர்களில் கை தட்ட முடிந்தவர்கள் தட்டினார்கள். முடியாதவர்கள் தலையை ஆட்டினார்கள்.

“வாங்க வருண பகவானே,” என்றாள் பிரேமலா. “என்னங்க இது, மழை பெய்ய வைங்கன்னா கைய வெட்டிக்கிட்டு வந்து நிக்கிறீங்க?”

“மேகம் கேட்டுச்சு. கொடுத்துட்டேன்.”

“பேச்சப் பாரு!” அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “ராத்திரி பூரா ஜன்னல்கிட்டயே உக்காந்திருந்தேங்க. கைய வெளிய நீட்டி நீட்டிப் பாத்தேன். ஊருக்கெல்லாம் அணை ரொம்புது, எனக்கு மட்டும் டாக்டர் கணக்குப்படி ஒரு நாளைக்குக் குடிக்க அளந்து ரெண்டு கப். ஆனா பரவாயில்ல. அந்தச் சத்தத்தக் கேட்டதே குடிச்ச மாதிரி இருந்துச்சு.”

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஊசி குத்தாத அவள் கையைப் பிடித்துக்கொண்டான். யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வானத்துக்கா, கேப்டனுக்கா, மூன்றாவது அடியில் வழிவிட்ட அந்தச் சக்கரத்துக்கா?

“பூஜைதான் காப்பாத்துச்சு பிரேமா,” என்றான் கடைசியில். “எல்லாரும் விமானச் சக்கரத்துக்கு மட்டுந்தான் எலுமிச்சம்பழம் வைப்பாங்க. நான் உப்புக் குழாய் வாயிலயும் ஒண்ணு வச்சேன். கண்ணுபடக் கூடாதுன்னு.”

“அப்ப உங்களுக்கு எதுக்குக் கைதட்டு? அந்தப் பழத்துக்குத் தட்டச் சொல்லுங்க.”

லோஷினி சிரித்துக்கொண்டே இயந்திரத்தின் அளவைப் பார்த்தாள். “அண்ணே, வெள்ளிக்கிழமை கோயில்ல உங்களுக்கு மரியாதையாம். தலைவர் அய்யாவு ஐயா சொல்லிவிட்டாரு. வேட்டி கட்டிக்கிட்டு வரணுமாம், சிலுவார், கால்சட்டைன்னு போட்டுக்கிட்டு வந்தா உள்ள விட மாட்டாராம்.”

வெள்ளிக்கிழமை வருகிறவரைக்கும் மழை விட்டு விட்டுப் பெய்தது. அணையில் அந்தக் குழாய் வாய் மறைந்தது. அப்புறம் சேற்றுக் கரையும் மறைந்தது. மாசாயில் துணி காயவில்லை என்று முதல் முறையாக ஒரு வீட்டம்மாள் அலுத்துக்கொண்டாள். அதைக் கேட்டு அந்த அடுக்குமாடி முழுக்கச் சிரித்தது.

கோயிலில் மேளம் முழங்கியது. அய்யாவு தன் கையாலேயே திருச்செல்வத்தின் தலையில் பரிவட்டம் கட்டி, ரோஜா மாலை போட்டார். அர்ச்சகர் பிரசாதத் தட்டை முதலில் அவனிடம் நீட்டினார். டயாலிசிஸ் நிலையத்து ஆட்கள் முன்வரிசையில் நின்றார்கள். பிரேமலா பட்டுப்புடவையில் நின்றாள். தையல் போட்ட புருஷன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு முன்னால கேப்டனுக்குத்தான் செய்யணும் தலைவரே,” என்றான் திருச்செல்வம். “அவங்க தைரியமா மேகத்துக்குள்ள விடலன்னா நான் என்ன பண்ணியிருக்க முடியும்?”

அய்யாவு கூட்டத்தைத் துழாவினார். சுபத்திரா கடைசியில், தூணோரமாய் நின்றிருந்தாள். கும்பிட்டாள். ஆனால் முன்னால் வரவில்லை.

“எனக்கு வேணாம் ஐயா.”

“அடக்கத்தப் பாருங்க!” என்று அய்யாவு பூரித்துப்போனார்.

திருச்செல்வத்துக்கு அது அடக்கமாகத் தெரியவில்லை. அந்த அம்மாளை அவனுக்குத் தெரியும். நியாயமாய்த் தனக்கு வர வேண்டியதைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்கிறவள். இன்றைக்கு மட்டும் ஏன் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறாள்?

பூஜை முடிந்ததும் அவளே அவன் அருகில் வந்தாள்.

“திரு, ஒரு இடத்துக்குப் போகணும். இப்பவே. அந்த மாலையும் பரிவட்டமும் எடுத்துக்க. பிரசாதம் ஒரு பெரிய பாத்திரத்துல வாங்கிக்க. பிரேமலாவும் வரட்டும்.”

“எங்க கேப்டன்?”

“வா, சொல்றேன்.”

சொல்லவில்லை. கார் மாசாயைத் தாண்டி, கோத்தா திங்கி சாலையில் திரும்பி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண் பாதையில் இறங்கியது. சுபத்திரா பாதையை மட்டும் பார்த்து ஓட்டினாள். பின்னால் பிரேமலா மடியில் சர்க்கரைப் பொங்கல் பாத்திரம் சுட்டுக்கொண்டிருந்தது.

“ஏங்க, உங்கள வேலைய விட்டுத் தூக்கப் போறாங்களா?” என்று அவள் கிசுகிசுத்தாள்.

“பொங்கலோடயா?” என்றான் அவன்.

பாதை முடிந்த இடத்தில் பரந்த கறுப்பு நிலம். அரைகுறையாய் எரிந்த மரங்கள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை வாரம் விமானத்திலிருந்து பார்த்திருக்கிறான்! இங்கிருந்துதான் அந்தப் புகைத்தூண் கிளம்பி, அணைப் பக்கம் சாய்ந்து, வானத்தையே அழுக்குத் துணியாக்கியது. யாரோ நிலம் சுத்தம் பண்ண வைத்த நெருப்பு, மேலே அணைந்தாலும், கரிமண்ணுக்குள் புகுந்துகொண்டு பூமிக்கடியில் எரிந்துகொண்டே இருந்தது. இப்போது ஒரு இழை புகை இல்லை.

ஒரு கூடாரத்துக்குக் கீழே பொம்பா என்கிற தீயணைப்பு வண்டி ஒன்று. அதன் பக்கத்தில் தீயணைப்பு வீரர்கள் நாலைந்து பேரும், பக்கத்துக் கம்பத்துக் கிராமத்தாரான மலாய்க்காரர்களும், தமிழர்களும் குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் வரை சேறு அப்பிய பூட்ஸோடு ஒரு பெண் எழுந்து வந்தாள்.

“இவங்க புஷ்பவள்ளி,” என்றாள் சுபத்திரா. “இங்க பக்கத்துல செம்பனைக் கன்று நர்சரியில ஆளுங்கள வேலை வாங்குற மண்டோர். பொம்பா ஆளுங்களோட சேர்ந்து இந்த நெருப்ப அணைச்சது இவங்களும் இந்தக் கம்பத்து ஆளுங்களும்தான். அக்கா, நான் சொன்னேன்ல, உப்புத் தூவுற தம்பி.”

“ஓ, நீங்கதானா!” புஷ்பவள்ளி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “நல்லா வந்துச்சு தம்பி உங்க மழை. நாங்க அணைச்சு முடிச்ச மறுநாள்! ரெண்டு நாளைக்கு முன்னாடி அனுப்பியிருந்தா எங்க முதுகு தப்பிச்சிருக்கும்ல?”

அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். திருச்செல்வமும் சிரித்தான்.

“எப்படிக்கா அணைச்சீங்க? மண்ணுக்குள்ளல்ல எரிஞ்சுச்சு?”

“அதையேன் கேக்குறீங்க. மேல தண்ணி அடிச்சா ஆவி வரும், அணைஞ்ச மாதிரி நடிக்கும். அந்தப் பக்கம் போய் எழுந்திரிக்கும். கடைசியில காவாயெல்லாம் மண்மூட்டை போட்டு அடைச்சோம். ஆத்துலேர்ந்து பம்ப் வச்சு இழுத்து, பூமி குடிச்சு ரொம்பி, கஞ்சி மாதிரி ஆகுற வரைக்கும் ஊத்திக்கிட்டே இருந்தோம். எங்க பொம்பளைங்க பாதிப் பேரு இன்னும் இருமிக்கிட்டுத்தான் இருக்காங்க.”

“கடைசிப் புகை எப்ப நின்னுச்சுக்கா?” சுபத்திரா கேட்டாள். பதில் தெரிந்தே கேட்கிற கேள்வி மாதிரி இருந்தது.

“இவங்க பறந்தாங்கல்ல, அதுக்கு முந்தின நாள் காலையில.”

சுபத்திரா அவன் பக்கம் திரும்பினாள். “மாலைய அவங்களுக்குப் போடு திரு.”

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இருமிக்கொண்டே மண்மூட்டை சுமந்தவர்களுக்கு மாலை போட யாரும் காரணம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கையால் அவனும் மறு பக்கம் பிரேமலாவுமாய்ப் பிடித்து, ரோஜா மாலையை அந்தச் சேற்றுச் சட்டையின் மேல் போட்டார்கள். பரிவட்டத் துணியை அவன் நீட்டினான்.

“பொம்பளைக்குப் பரிவட்டமா லா?” புஷ்பவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனாலும் தலையைக் குனிந்தாள். பிரேமலா கட்டிவிட்டாள். முதல் பிடி பொங்கலையும் அவளே எடுத்து அந்த அக்காவின் கையில் வைத்தாள்.

“நல்லா இருக்கணும்க்கா நீங்க,” என்றாள். “உங்க பிள்ளைங்க, இந்த அபாங்க, அண்ணனுங்க எல்லாம். எல்லாரும்.”

“எதுக்குங்க இவ்வளவு? மழைய நாங்களா கொண்டு வந்தோம்?”

பாத்திரம் கைமாறிப் போனது. தீயணைப்பு வீரர்கள் விரலை நக்கிக்கொண்டே ‘செடாப், செடாப்’ என்றார்கள். பிரேமலா எல்லோருக்கும் அள்ளி அள்ளி வைத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைத் திருச்செல்வம் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

சுபத்திரா அவனைக் காருக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

“கேப்டன், இவங்களுக்கு நன்றி சொன்னது சரி. எனக்கு மனசு நிறைஞ்சுதான் இருக்கு. ஆனா கோயில்ல நீங்க ஏன் பின்னாலயே நின்னீங்க? அதச் சொல்லுங்க.”

“அன்னிக்கே சொல்லியிருக்கணும். உன் கையில தையல். மறுநாள் பாத்தா ஊரே கைதட்டுது. பிரேமலா சிரிக்கிறா. எனக்கு வாய் வரல. இவங்களப் பாத்து நீ கும்பிட்டதுக்கு அப்புறம் சொல்லலாம்னு வச்சிருந்தேன்.” அவள் கைப்பையைத் திறந்தாள். “இவங்க புகைய நிறுத்தினதாலதான் மழை வந்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன் திரு. வானத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஒண்ணு மட்டும் அடிச்சுச் சொல்வேன்.”

உள்ளேயிருந்து ஒரு டிஷ்யூப் பொட்டலத்தை எடுத்து, அவனுடைய நல்ல கையில் வைத்தாள். அவன் பிரித்தான்.

ஒரு எலுமிச்சம்பழம். நசுங்கிக் கறுத்து, உச்சியில் குங்குமக் கறையோடு, உடம்பெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது.

“குழாய் வாயில நீ வச்சது, உள்ள உருண்டு போயிருக்கு. ஏறுறதுக்கு முன்னாடி சுத்திப் பாத்த என் கண்ணுலயும் படல,” என்றாள் சுபத்திரா. “வேலு கழுவும்போது இத நெம்பி எடுத்தான். அதுக்கப்புறம்தான் கொட்டுச்சு, நாம கொண்டு போன தண்ணி அத்தனையும், செனாய்த் தரையில. மேகத்துக்கு ஒரு சொட்டு உப்புகூடப் போகல திரு.”